குழிகளின் அடியில்

தொட வேண்டாம் என்றுதான் டாக்டர் ரெபேக்கா நேற்றே சொல்லியிருந்தார். திலகா, அது உங்க தம்பியோடது, ஷர்மிளா வெட்டட்டும், நீங்க மத்த கேஸைப் பாருங்க. சரி மேடம் என்று தலையாட்டியவள்தான் இன்று காலை ஏழே முக்காலுக்கே வந்து, ஆய்வகத்தின் விளக்குகளைப் போட்டு, மெழுகும் ஸைலீனும் கலந்த அந்தப் பழகிய வாடைக்குள் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, ஐஸ் தட்டில் குளிர்ந்துகொண்டிருந்த பதினெட்டு மெழுகுக் கட்டிகளில் அந்த ஒன்றை மட்டும் கையில் எடுத்தாள். கட்டைவிரல் அகல மெழுகு. அதற்குள் கடுகுபோல நான்கு துணுக்குகள். நேற்றுப் பகல் தம்பி வாகீசனின் வாய்வழியாகக் குழாயை இறக்கி, இரைப்பையைத் தாண்டி, சிறுகுடல் தொடங்குகிற இடத்தில் கிள்ளி எடுத்தவை. திலகவதிக்கு இந்த மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம். நோயாளியின் சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றி, சாயம் போட்டு டாக்டரின் நுண்ணோக்கிக்கு அனுப்புவது அவள் வேலை. மதுரையில் பாதிப்பேருடைய உள்ளுறுப்பை நான் பார்த்திருக்கேன் என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்லுவாள். எதிலும் கை நடுங்கியதில்லை. இப்போதும் நடுங்கவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கட்டியைச் சீவும் கருவியில் பொருத்திச் சக்கரத்தைச் சுற்றினாள். கத்தியின் விளிம்பில் மெழுகு நாடா ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு இறங்கியது, அதில் மங்கலாக நான்கு புள்ளிகள், மறுபடி நான்கு புள்ளிகள், மறுபடி நான்கு. அக்கா, உள்ளே யாரோ குழாயைத் திறந்துவிட்டு அடைக்காமப் போயிட்டாங்கக்கா என்றான் நேற்று. நேற்று மட்டும் வயிற்றால் போனது இரண்டேகால் லிட்டர். பச்சையாகத் தொடங்கியது சாயங்காலம் சிவந்துவிட்டது. நர்ஸ் அளந்து அட்டையில் எழுதும்போது அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான், நாற்பத்தொரு வயது ஆண்பிள்ளை, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அக்கா எதிரே இப்படி அளக்கப்படுகிறோமே என்று. அவள் போர்வையைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டாள். நாடாவை இரண்டு விரலால் தூக்கி வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டாள். சுருக்கம் தானாகவே விரிந்தது. வெந்நீர் எல்லாவற்றையும் விரித்துவிடும்.

நாடாவை ஏற்றிய கண்ணாடியை அடுப்பில் காயவைத்த இருபது நிமிடம் அவளால் உட்கார முடியவில்லை. தரையைத் துடைத்தாள். சாயக் குவளைகளின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். முதலில் ஊதாநீலம், பிறகு ஓடும் தண்ணீர், பிறகு இயோசின் என்கிற இளஞ்சிவப்பு. இயோசினில்தான் அவை தெரியும். பயிற்சிக்கு வந்த முதல் வருடம், டாக்டர் ரெபேக்காவும் அப்போது சின்னவர், அவளைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் காட்டினார். சிறுகுடலோட உள்பக்கம் பாருங்க, துண்டு மாதிரி இழை இழையா நிக்குதுல்ல, அந்த இழைகளுக்கு நடுவுல கிணறு மாதிரிக் குழி, குழியோட அடியில பாருங்க. பார்த்தாள். ஒவ்வொரு குழியின் அடியிலும் நாலைந்து அணுக்கள், சிவப்பு மணிகளை அள்ளி மடியில் கட்டியதுபோல உட்கார்ந்திருந்தன. பேனெத் அணுக்கள் என்றார் டாக்டர். கண்டுபிடிச்சவர் பேரு. இதுகளுக்கு என்ன வேலை மேடம். வயித்துக்குள்ள கோடிக்கணக்குல கிருமி இருக்கு திலகா, நல்லதும் இருக்கு, ஆகாததும் இருக்கு, அதெல்லாம் எல்லை தாண்டி ரத்தத்துக்குள்ள வராம, இந்தச் சிவப்பு மணியில இருக்கிற சாறைக் கொட்டிக்கிட்டே இருக்கும். அது மட்டுமில்ல, பக்கத்துலேயே தாய் அணுக்கள் இருக்கு, குடலோட தோல் நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை உதிர்ந்து புதுசா முளைக்குதே, அது முளைக்கிறது அதுகள்ல இருந்துதான், அதுகளுக்குத் தீனி கொடுக்கிறதும் இவங்கதான். இவங்க போயிட்டா. இவங்க போயிட்டா காவலும் போச்சு, முளைக்கிறதும் போச்சு. அன்று அது ஒரு பாடம். அவ்வளவுதான். பிறகு எத்தனையோ குடல்களில் அந்தச் சிவப்பை அவள் பார்த்துவிட்டாள். புண் வந்து அறுத்தெடுத்த குடல்களில் மணிகள் கலைந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். ஒருமுறை, குறைமாதத்தில் பிறந்து ஒன்பதாம் நாள் குடல் அழுகிச் செத்துப்போன ஒரு குழந்தையுடையது வந்தது. குறைமாதப் பிள்ளைகளுக்கு இது இன்னும் தேறியிருக்காது, பிஞ்சா இருக்கும், அதான் கிருமியைத் தாங்காது என்றார் டாக்டர். மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகு அவள் அந்தக் கண்ணாடியை மறுபடி வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு குழியாகத் தேடினாள். ஏழு மாதத்தில் எவ்வளவு முளைத்திருக்கும். ஏழு மாதமும் பத்து நாளும் என்றால் எவ்வளவு. எதற்காகத் தேடுகிறோம் என்று அப்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ளாமல் இருப்பது அவர்கள் வீட்டுப் பழக்கம்.

சொல்லிக்கொள்ளாமல் இருந்ததுதான். அங்கேதான் மனசு போய்ப் போய் இடித்துக்கொண்டது, இயோசினில் கண்ணாடியை முக்கி எடுக்கும்போதும், ஆல்கஹாலில் அலசும்போதும். மூன்று மாதத்துக்கு முன்னால், வாகீசனுக்கு ரத்தப் புற்றுநோய், இனி இன்னொருவருடைய, ரத்தத்தை ஊறவைக்கிற ஸ்டெம் செல் ஏற்றினால்தான் உண்டு என்று ஆனபோது, கூடப்பிறந்த இருவருமே பொருந்தினார்கள், அவளும், மஸ்கட்டில் இருக்கிற சிவப்பிரகாசமும். டாக்டர்கள் அதிர்ஷ்டம் என்றார்கள். வாகீசனின் கட்டிலைச் சுற்றி அம்மா, அவள், படிவம் வைத்திருந்த அந்த இளம் டாக்டர். சர்க்கரை இருக்கா, இல்லை. ஆபரேஷன் எதுவும், இல்லை. எத்தனை பிரசவம். அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா, ஒத்தப் பொம்பளப் பிள்ளதான் எம்மவளுக்கு, காலேஜில படிக்கா என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, பேச்சுவாக்கில், அதுவரைக்கும் நல்லது, பொம்பளை ரத்தத்தை ஆம்பளைக்கு ஏத்துறப்ப கொஞ்சம் யோசிப்போம், அதுவும் ஆண் பிள்ளையைச் சுமந்த உடம்புன்னா மஸ்கட் தம்பியைத்தான் வரச் சொல்லியிருப்போம் என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். முதல்தடவை அம்மா முந்திக்கொண்டாள். இரண்டாவது தடவை யாரும் முந்திக்கொள்ளவில்லை. அறையில் விசிறி ஓடியது. டாக்டர் பேனாவை மூடுவதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ அவ்வளவு நேரம் இருந்தது. அவள் சொல்லவில்லை. அம்மாவின் முகத்துக்காகவா. இருபத்துநாலு வருடம் முன்னால், ஏழு மாதத்தில் அவளுக்கு ஆண் பிள்ளை இறந்து பிறந்தபோது, செத்துப் பிறந்ததெல்லாம் கணக்கில்லடி, அழுதா அடுத்தது தங்காது, மறந்துரு என்று சொல்லிப் பால் வற்ற மல்லிகைப் பூவை மாரில் வைத்துக் கட்டிய அம்மா. இல்லை, பழியை அம்மாவின்மேல் போட வேண்டாம். அவளுக்கே வேண்டியிருந்தது. தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று இருந்தது. தம்பி பிழைத்தால் அது தன் உடம்பிலிருந்து போனதால் பிழைத்ததாக இருக்கவேண்டும். ஒருமுறையாவது இந்த உடம்பு கொடுத்தது உயிரோடு நடமாடட்டும் என்று. இரண்டு கையிலும் ஊசி குத்தி நாலு மணி நேரம் படுத்துக் கிடந்தாள். பையில் சேர்ந்தது குங்குமத்தை மோரில் கரைத்ததுபோல இருந்தது. மறுநாள் அது அவனுக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியபோது அவன், அக்கா, இனிமே எனக்கும் உன்ன மாதிரிக் கோவம் வருமோ என்று சிரித்தான்.

இருபது நாளில் அவளுடைய அணுக்கள் அவனுக்குள் வேர் பிடித்துவிட்டன. வார்டில் லட்டு கொடுத்தார்கள். நாற்பதாம் நாள் உள்ளங்கை சிவந்தது, ஐம்பதாம் நாள் வயிறு போகத் தொடங்கியது. ஏற்றிய அணுக்கள் ஏற்றப்பட்ட உடம்பை அந்நியமாகப் பார்த்து அடிக்கின்றன என்று டாக்டர்கள் விளக்கினார்கள். அவளுக்கு விளக்கவேண்டியதில்லை. ஒரு நாள் டாக்டர் ரெபேக்காவிடம், யாருக்கோ கேட்பதுபோல, சாம்பிள் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். மேடம், ஆண் பிள்ளையைச் சுமந்த உடம்பு அதை எத்தனை வருஷம் ஞாபகம் வச்சிருக்கும். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இருபது வருஷத்துக்கு மேலயும் இருக்கும்னு படிச்சிருக்கேன் திலகா. பிள்ளையோட அணுக்கள் அம்மா ரத்தத்துல கலந்துடும்ல, அம்மாவோட வெள்ளை அணுக்கள் ஆம்பளை உடம்போட அடையாளத்தைக் கத்துக்கிடும். பிறகு எங்க பார்த்தாலும் கண்டுபிடிச்சுடும். எல்லாருக்கும் அப்படி ஆகுறதில்ல. பொண்ணு மட்டும் பெத்தவங்க கொடுத்தாலும் இது வருது, ஆம்பளை கொடுத்தாலும் வருது, யார் கொடுத்திருந்தா வந்திருக்காதுன்னு எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஏன் கேக்குறீங்க. சும்மாதான் மேடம். சும்மா. அன்று பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெரியார் நிலையத்தில் இறங்க மறந்து, அடுத்த நிறுத்தத்தையும் தாண்டிப் போனாள். ஞாபகம் வைத்திருக்கிறதாம். அந்தப் பிள்ளைக்கு ஒரு போட்டோ கிடையாது. மயக்கம் தெளிந்து எழுந்தபோது தொட்டில்கூட இல்லை, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் ஒருநாளும் அதைப்பற்றிப் பேசியதில்லை. மகளுக்கு அப்படி ஓர் அண்ணன் இருந்தான் என்பதே தெரியாது. உலகத்தில் ஒருத்தர்கூட நினைக்காத அந்தப் பிள்ளையை அவள் ரத்தம் மட்டும் இருபத்துநாலு வருடமாக அடையாளம் வைத்துக் காத்துக்கொண்டிருந்து, கடைசியில் தம்பியின் வயிற்றுக்குள் போய் அதைக் கண்டுகொண்டதா. கண்டுகொண்டு அடித்ததா. இல்லை, அப்படியெல்லாம் இல்லை, எந்த டாக்டராலும் சொல்ல முடியாது என்றாரே. சொல்ல முடியாது என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. அவள் கண்ணாடியின்மேல் பிசின் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய மூடியைச் சாய்த்து, காற்றுக்குமிழ் இல்லாமல் இறக்கினாள். ஒரு குமிழ்கூட இல்லை. இவ்வளவு சுத்தமாக இந்த மாதம் எதுவும் வந்ததில்லை.

டாக்டர் ரெபேக்கா ஒன்பது மணிக்கு வந்தார். மேசைமேல் கண்ணாடியைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சொன்னேன்ல" என்றார். இரட்டை நுண்ணோக்கியின் எதிர்ப்பக்க நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். வட்ட வெளிச்சத்துக்குள் முதலில் ஒன்றும் புரியவில்லை, பிறகு புரிந்தது. துண்டின் இழைகள் இல்லை. மழித்ததுபோலக் கிடந்தது. குழிகள் அங்கங்கே தூர்ந்துபோய், சிலவற்றின் சுவரில் அணுக்கள் உடைந்து கருப்புத் தூளாக. டாக்டர் ஒரு குழியின் அடியை நடுவுக்குக் கொண்டுவந்தார். ஊதா மட்டும் இருந்தது. அடுத்த குழி. ஊதா. அடுத்தது. டாக்டர் வாய்க்குள் எண்ணுவது அவளுக்குக் கேட்டது, எண்ணுவதற்கு ஒன்றுமில்லாததால் பூஜ்யம் பூஜ்யம் என்றுதான் கேட்டது. தன் சாயம் சரியில்லையோ என்று ஒரு கணம் நெஞ்சு துள்ளியது. இயோசின் பழசாகியிருக்கலாம், ஒரு நிமிடம் குறைவாக முக்கியிருக்கலாம், என் தப்பாக இருக்கட்டும், சாமி, என் கைத்தப்பாக இருக்கட்டும். ஆனால் ஓரத்தில் ஓடிய ரத்தக்குழாய்க்குள் சிவப்பணுக்கள் பளிச்சென்று இருந்தன. சாயத்தில் குறையில்லை. பதினொன்றாவது குழியில் ஒன்று இருந்தது. ஒரே ஒரு பேனெத் அணு, சிவப்பு மணிகள் பாதி உதிர்ந்து, ஒருபக்கமாகச் சாய்ந்து. அதன் பக்கத்தில் கரும்புள்ளிபோல ஒரு சின்ன உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை அணு. அவளுக்குத் தெரியும். அவனுடைய எலும்பில் இப்போது ஊறுவது எல்லாம் அவளுடையது. இந்தப் படத்தில் குடல் மட்டும்தான் அவன், அந்தக் கரும்புள்ளி அவள். அவ்வளவு பக்கத்தில், கன்னத்தோடு கன்னம் வைத்ததுபோல. டாக்டர் வெளிச்சத்தைக் குறைத்தார். "நான் மேல வார்டு டாக்டர்கிட்டப் பேசுறேன், திலகா. ஸ்டீராய்டு கேக்கலைன்னா வேற மருந்தெல்லாம் இருக்கு." "பேனெத் இவ்வளவு குறைஞ்சவங்க தேறி நீங்க பாத்திருக்கீங்களா மேடம்." டாக்டர் பேனாவைத் தேடினார். மேசையில்தான் இருந்தது. "ஒண்ணு ரெண்டு பேர்" என்றார்.

லிஃப்டுக்கு நிற்காமல் படியில் ஏறினாள். நாலாவது மாடியில் கையைக் கழுவி, முகக்கவசம் போட்டு, நீலச் சட்டை மாட்டிக்கொண்டு கதவைத் தள்ளினாள். வாகீசன் விழித்திருந்தான். கன்னம் உள்ளே போய், கண் மட்டும் பெரிதாக. அவன் மனைவி காஞ்சனா அப்போதுதான் குளித்துவிட்டு வரப் போயிருந்தாள். திலகா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று படியில் ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. "வாகீசா, அன்னைக்கு டாக்டர் கேட்டாருல்ல, எத்தனை பிரசவம்னு."

"ம்."

"நான் சொல்லாம இருந்துட்டேன்டா. சிவாவ வரச் சொல்லியிருப்பாங்க. ஒருவேளை உனக்கு இப்படி வந்திருக்காது."

அவன் போர்வையை மார்வரை இழுத்துவிட்டுக்கொண்டான். "நானும் அங்கதானக்கா இருந்தேன். எனக்குந்தான் தெரியும்."

அவளுக்கு அது தோன்றியதே இல்லை. இத்தனை நாள் அந்த அறையைத் திரும்பத் திரும்ப நினைத்தபோதெல்லாம், அம்மா இருந்தாள், டாக்டர் இருந்தார், விசிறி ஓடியது. கட்டிலில் படுத்திருந்தவனை அவள் கணக்கில் எடுக்கவே இல்லை.

"நீ ஏன்டா சொல்லல."

"நீ சொல்லலையே. உன் பிள்ள விஷயத்த நான் எப்படிச் சொல்ல." மூச்சு வாங்கினான். "அதோட எனக்கு உன்கிட்ட இருந்துதான் வேணும்போல இருந்துச்சு. சிவா கொடுத்தா அவன் வாழ்நாள் பூரா சொல்லிக் காட்டுவான்." சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்திருந்ததால் பாதியில் நின்றுவிட்டது. அவள் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். தண்ணீர் அவன் கழுத்தில் வழிந்தது, துடைத்தாள், மறுபடி வழிந்தது. இது தண்ணீர் இல்லை என்று தெரிந்து முகக்கவசத்துக்குள்ளேயே மூக்கை உறிஞ்சினாள்.

"வாகீசா, அத நீ பாத்தியா."

இருபத்துநாலு வருடத்தில் கேட்காத கேள்வி. யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் இருந்த கேள்வி. அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. அம்மாவிடம் கேட்க முடியாது. இவனுக்கு அப்போது பதினேழு, பிளஸ் டூ, இவன் எங்கே இருந்தான் அன்றைக்கு என்றுகூட அவள் யோசித்ததில்லை.

அதற்குப் பிறகு அவன் இருந்தது பதினாறு நாள். வேறு மருந்துகள் இரண்டு கொடுத்துப் பார்த்தார்கள், கிருமி ரத்தத்துக்குள் வந்துவிட்டது, பதினேழாம் நாள் விடியும்போது போய்விட்டான். அந்தப் பதினாறு நாளில், அவன் ஒரே மூச்சில் நீளமாகப் பேசியது அன்று பேசியது மட்டும்தான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், ஒரு சொல்லையும் இடைமறிக்கவில்லை, மூச்சு விடுகிற சத்தத்தில் எதுவும் தவறிவிடக் கூடாதே என்று மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன்க்கா. நாந்தான் தூக்கிட்டுப் போனேன். ஆஸ்பத்திரியில ஒரு வெள்ளத் துணியில சுத்திக் குடுத்தாங்க. அப்பாவுக்குக் கை ஆடுது, அதான் நான் வாங்கிக்கிட்டேன். கனமே இல்ல. தலமுடி நெறய இருந்துச்சு, கருகருன்னு, நெத்தி வரைக்கும். மூக்கு உன் மூக்குதான். ஒரு கை மட்டும் துணிக்கு வெளிய வந்துருச்சு, நான் உள்ள வைக்கேன், அது மறுபடி வெளிய வருது, அப்படியே விரலப் பிடிச்சுக்கிட்டே போனேன். நம்ம ஊர்க் குறுக்குத்துறைப் பக்கம் ஆத்தங்கரையில குழி வெட்டி வச்சோம். உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டா. போற வழியெல்லாம் மழை. அப்பா ஒத்தக் குடைதான் கொண்டு வந்திருந்தாரு. அத எனக்கும் பிடிக்கல, தனக்கும் பிடிச்சுக்கல. ஆத்தங்கரை வரைக்கும் அதுக்குத்தான் பிடிச்சிக்கிட்டு வந்தாரு."